இந்த வாரம் படிக்கட்டு என் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், கதவுக் கைப்பிடியில் ஒரு மர அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சின்னக் கயிறு, பல கைபட்ட வழவழப்பு, நடுவில் பழங்கால எழுத்தில் ஒரே ஒரு சொல். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் "நன்றி, மன்னிக்கவும், பை வேண்டாம், கார்டில் கட்டலாமா" என்ற அளவோடு சரி. முதலில் ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். அப்புறம், எதிர்வீட்டுக்காரர்தான் புதிதாக வந்தவளுக்கு நல்வரவு சொல்லி மாட்டியிருக்கிறாரோ என்று தோன்றி மனசு குளிர்ந்துவிட்டது. பத்திரமாகக் கழற்றி உள்ளே கொண்டுபோய் புத்தக அலமாரியில் அழகுக்குச் சாய்த்துவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர், பூப்போட்ட மேலங்கி, கையில் வாளி. வணக்கம் சொன்னார், சொன்ன கையோடு படிக்கட்டைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார். நம் ஊரிலும் பாஷை தெரியாதவரிடம் இப்படித்தான் கத்துவோம், கத்தினால் புரிந்துவிடும் என்பது போல. பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர் கண்ணில் அலமாரியில் இருந்த அட்டை பட்டுவிட்டது. கோயில் உண்டியலைத் தூக்கி வந்து வீட்டில் பூச்சாடியாக வைத்திருப்பவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அட்டையில் எழுதியிருந்த சொல் கேர்வோஹ. கூட்டுகிற வாரம் என்று அர்த்தம். நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டிலும் சுற்றுவட்டார ஷ்வாபியப் பகுதியிலும், அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்துப் பொது இடங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் சின்ன கேர்வோஹ, பெரிய கேர்வோஹ என்று இரண்டு உண்டு. சின்னது என்றால் உங்கள் தளத்துப் படிக்கட்டு. பெரியது என்றால் நடைபாதை, நிலவறை, குப்பைத்தொட்டி வைக்கும் இடம், பனிக்காலமாக இருந்தால் வாசல் பனியைத் தள்ளுவது எல்லாம் சேர்த்து. பனியை வேலைநாளில் காலை ஏழு மணிக்குள் தள்ளியாக வேண்டும். முறை முடிந்ததும் அட்டை அடுத்த வீட்டுக் கதவுக்குப் போகும். அந்த அட்டையைத்தான் நான் ஆறு நாள் சிறைவைத்திருந்தேன். கட்டடத்தின் சுழற்சியே நின்றுபோயிருந்தது.

இதன் பூர்வீகத்தைப் பிறகு தேடிப் படித்தேன். கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492இல், எபர்ஹார்ட் என்ற பிரபு இந்த ஊருக்குப் போட்ட நகரச் சட்டத்திலேயே, அவனவன் அழுக்கை அவனவன் அப்புறப்படுத்த வேண்டும் என்று வந்துவிட்டது. 1714இல் தெருக்களைச் சுத்தமாக வைக்கத் தனியாக ஒரு ஒழுங்குமுறை. 1988இல்தான் மாநகராட்சி விதிகளிலிருந்து கட்டாய கேர்வோஹவை எடுத்தார்கள். அப்போது மேயர் மன்ஃப்ரெட் ரொம்மல், இரண்டாம் உலகப்போர்த் தளபதி ரொம்மலின் மகன். விதிப் புத்தகத்திலிருந்து எடுத்தால் போய்விடுமா? வாடகை ஒப்பந்தத்துக்குள் புகுந்துகொண்டது. நான் கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பக்கத்தில் பதினோராம் பக்கத்தில் அது இருந்தது என்பதைக் கீழ்வீட்டு அம்மாதான் விரல்வைத்துக் காட்டினார்.

வேலைக்காக நான் இங்கே வந்தது 2018 அக்டோபரில். கார்களுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. முதல் மூன்று மாதம் கம்பெனி கொடுத்த தற்காலிக அறை. ஜனவரியில்தான் ஃபாயர்பாக் பகுதியில் சொந்தமாக வாடகைக்கு இந்த வீடு கிடைத்தது. கிடைத்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், நாற்பது பேரோடு வரிசையில் நின்று, சம்பளச் சீட்டையும் கடன் நம்பகச் சான்றையும் கோப்பில் போட்டு நீட்டி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபி தட்டோடு நிற்கிற மாதிரி நின்று வாங்கிய வீடு. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சமையலறையில் அடுப்பு இல்லை, தொட்டி இல்லை, மேடை இல்லை. சுவரில் இரண்டு குழாய் மூக்கு, கூரையிலிருந்து தொங்கும் மூன்று கம்பி. முன்னால் இருந்தவர் சமையலறையையே கழற்றிக்கொண்டு போயிருந்தார். அது திருட்டு இல்லை, இங்கே பெரும்பாலும் அப்படித்தான். சிங்க்கும் பல்பும் குடியிருப்பவர் சொத்து. ஐந்து வாரம் ஒரு மின்சார அடுப்பைத் தரையில் வைத்து, பாத்திரத்தைக் குளியலறையில் கழுவி ரசம்சாதம் சாப்பிட்டேன். அந்த ரசத்துக்கு ஒரு ருசி இருந்தது, சரி, பசி என்றே வைத்துக்கொள்வோம்.

பெயர்ப் பலகைக் கதை இன்னொன்று. இங்கே வீட்டுக்குக் கதவிலக்கம் கிடையாது. தெரு எண் கட்டடத்துக்குத்தான், அதற்குள் நீங்கள் யார் என்பது அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பப்பெயர்தான். நமக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைப் போட்டதால் இந்த ஊரில் நான் அப்பா ஆகிவிட்டேன். பேங்க், டாக்டர், தபால்காரர், கீழ்வீட்டு அம்மா எல்லாரும் என்னைக் கூப்பிடுவது "ஃப்ராவ்" சேர்த்து அப்பாவின் பெயரால். ஃப்ராவ் என்றால் திருமதி. மீசை வைத்த மனுஷனைத் திருமதி என்று விளிக்கிறார்கள் என்று சொன்னபோது அப்பா ஃபோனில் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அப்பா திண்டுக்கல்லைத் தாண்டி அதிகபட்சம் போனது திருப்பதி. அவர் பெயர் ஸ்டுட்கார்ட்டில் ஒரு மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில், இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். "எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கே, பாப்பா" என்றார்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அது இல்லாமல் வரி எண் வராது, வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் வரியை மிக அதிகமாகப் பிடித்துவிடுவார்கள், பேங்க் கணக்கும் பல இடங்களில் திறக்காது. பதிந்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து கடிதம் வரத் தொடங்கும். இந்த நாட்டைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இந்தக் கடிதங்கள்தான். பொறியியல் என்றால் ஜெர்மனி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். இங்கே அரசாங்கம், காப்பீடு, மின்சாரம் எல்லாம் கடிதத்தில்தான் பேசும். ஒலி, ஒளிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அப்போது மாதம் 17 யூரோ 50 சென்ட், இப்போது 18.36. என் வீட்டில் டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று பணிவாகப் பதில் எழுதினேன். வீடு இருக்கிறதல்லவா, வீட்டுக்குத்தான் கட்டணம் என்று அதைவிடப் பணிவாகப் பதில் வந்தது.

ஸ்டுட்கார்ட்டிலேயே பாட் கன்ஷ்டாட் என்ற பகுதியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடை இருக்கிறது. முருங்கைக்காய்க்காகப் போகத் தொடங்கி, பிறகு கடிதங்களுக்காகவும் போகத் தொடங்கினேன். கல்லாவில் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசிப்பார். "தங்கச்சி, இஞ்ச கடிதம் வந்தா வாசிச்சுப்போட்டு வைக்கக் கூடாது. உடன பதில் எழுதோணும். எழுதினதுக்கு ஒரு கொப்பி வைக்கோணும்." ஒரு பெரிய ஓர்ட்னரை, அதுதான் இரண்டு வளையமும் நெம்புகோலும் வைத்த தடித்த கோப்பை, அவரே பலசரக்கோடு சேர்த்து ஒரு முறை கட்டிக் கொடுத்தார். அந்தக் கோப்புக்குப் பேர்போன லைட்ஸ் கம்பெனி 1871இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது. இந்த ஊர் உலகத்துக்குக் காரைக் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், என் அனுபவத்தில் கோப்புதான் பெரிய கொடை.

ஒரு நாள் கடையில் ஆள் இல்லை. எனக்கு வந்த ஏதோ ஒரு கடிதத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். விசா நீட்டிப்புக்கு மூன்றாவது தடவை அதே பேப்பரைக் கேட்கிறார்கள் என்று. கடைக்கார அண்ணன் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டே சொன்னார், அவர் வந்தது 1985இல், பதினேழு வயதில், அகதியாக. "முதல் நாலு வருசம் மாவட்டத்த விட்டு வெளிக்கிட ஏலாது. பக்கத்து டவுனுக்குப் போறதெண்டாலும் அனுமதிக் கடுதாசி வேணும். பிடிச்சா தண்டம்." தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கு 1982 முதல் அப்படி ஒரு சட்டம் இருந்தது. அவருடைய அக்காவின் கல்யாணம் இங்கேயே வேறொரு மாநிலத்தில் நடந்தது, கடுதாசி கிடைக்க நாளாகிவிட்டதால் இவர் போகவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. கொத்தமல்லி நேற்றையது, விலை குறைத்துத் தருகிறேன் என்பது போலச் சொன்னார். நான் பட்டதாரிகளை வேலைக்கு அழைக்கிற நீல அட்டை விசாவில், கம்பெனி எடுத்துத் தந்த டிக்கெட்டில், இரண்டு பெட்டியோடு வந்திறங்கியவள். அன்றைக்குப் பிறகு அந்தக் கடையில் நான் கடிதத்தை நீட்டினேனே தவிர, புலம்பவில்லை. ஹம் நகரத்தில் ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவே காமாட்சியம்மனுக்குக் கோபுரம் வைத்துக் கோயில் கட்டி 2002இல் குடமுழுக்கு நடத்தியதும் இப்படி வந்தவர்கள்தான். நான் ஒரு வருஷம் தேருக்குப் போனேன். கோடை வெயிலில் தார்ச்சாலையில் பிரதட்சணம் செய்தவர்களுக்குப் பக்கத்தில் ஜெர்மானியப் போலீஸ்காரர் ஒருவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜெர்மன் வகுப்புக்கு மாலையில் போனேன். அங்கே நமக்கு ஒரு அனுகூலம் உண்டு, யாரும் சொல்வதில்லை. "எனக்கு இன்று நேரம் இல்லாததால்" என்பது போன்ற துணை வாக்கியங்களில் ஜெர்மனில் வினைச்சொல் கடைசிக்கு ஓடிவிடும். ஸ்பெயின்காரரும் பிரேசில்காரரும் தலையில் அடித்துக்கொள்ள, நான் மட்டும் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். வினையைக் கடைசி வரை பிடித்துவைத்திருந்து விடுவது நாம் பிறந்ததிலிருந்து செய்வதுதானே. ஆனால் பால் விஷயத்தில் கவிழ்ந்தேன். மேசை ஆண்பால். சிறுமி என்பதற்கான சொல் ஆணுமில்லை பெண்ணுமில்லை, நம் கணக்கில் அஃறிணை. மேசையை அவன் என்றும் சிறுமியை அது என்றும் சொல்ல நாக்கு மறுத்தது. ஸ்டுட்கார்ட்டில் பிறந்த ஹெர்மன் குண்டர்ட் 1836இல் மதராஸில் இறங்கி, திருநெல்வேலிப் பக்கம் தமிழோடு மல்லுக்கட்டி, பிறகு தலச்சேரிக்குப் போய் மலையாளத்துக்கே பெரிய அகராதி செய்தார். அவருக்கு நம் ழகரம் எத்தனை மாதம் தண்ணி காட்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்வேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இத்தனையும் படித்து வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டு அம்மா பேசுவது வேறு பாஷை. ஷ்வாபிய வழக்கு. எல்லாச் சொல்லுக்கும் பின்னால் செல்லமாக ஒரு "லே" ஒட்டும். வீடு குட்டிவீடு ஆகும், கொஞ்சம் இன்னும் கொஞ்சூண்டு ஆகும். அந்த லேயோடுதான் திட்டும் விழும். நான் எதற்கெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால், பழுப்பு பாட்டிலைப் பச்சைத் தொட்டியில் போட்டதற்கு. நீலப் பாட்டில் எங்கே என்று கேட்டதற்கு (பச்சையில்தான், இது எல்லாருக்கும் தெரியும்). ராத்திரி பத்தரைக்கு வாஷிங் மெஷின் ஓடியதற்கு. டீ பையைப் பிரிக்காமல், நூல் ஓரிடம் இலை ஓரிடம் என்று பார்க்காமல், எறிந்ததற்கு. தாளித்த பிறகு ஜன்னலை ஒருக்களித்து வைத்ததற்கு, ஏனென்றால் ஒருக்களித்தால் சுவர் குளிர்ந்து பூஞ்சை வரும், முழுசாக விரியத் திறந்து பத்து நிமிஷம் காற்றோட வேண்டும், அதுதான் லுஃப்டன். இதுவும் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. பன்னிரண்டாம் பக்கம்.

அந்த லுஃப்டன்தான் என்னைக் கவிழ்த்தது. 2019 பிப்ரவரி, ஞாயிறு இரவு எட்டு மணி. அவர் சொன்ன மாதிரியே எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு, அந்தப் பத்து நிமிஷத்தில் காய்கறிக் குப்பையைக் கீழே போட்டுவிட்டு வரலாம் என்று வீட்டுச் செருப்போடு இறங்கினேன். காற்று கதவை அறைந்து சாத்தியது. இங்கத்திய கதவுகளுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி திரும்பாது, அது சும்மா ஒரு குமிழ். சாவி இல்லாமல் சாத்தினால் முடிந்தது கதை. ஃபோன் உள்ளே, கோட் உள்ளே, அடுப்பில் நல்லவேளை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கீழ்வீட்டு மணியை அடிக்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. ஞாயிறு இங்கே அமைதி நாள். அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு உண்டு, 1919 வைமார் சாசனத்தின் பிரிவை அப்படியே எடுத்துவைத்திருக்கிறார்கள். மாடியில் இருந்த மாணவன் ஃபோனைத் தந்தான். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பூட்டு ஆள் வந்தார். கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் செருகினார், முழங்காலால் ஒரு இடி. இருபது நொடி இருக்கும். பிறகு கார்டு மெஷினை நீட்டினார். 289 யூரோ. ஞாயிறு, இரவு, வந்து போன செலவு என்று மூன்று வரி போட்டு ரசீது.

இதில் பெரிய வேதனை பணமில்லை. என் அப்பா பூட்டுக்காரர். திண்டுக்கல் நாகல்நகரில் முப்பத்தைந்து வருஷம் பூட்டு செய்தவர். மாங்காய்ப் பூட்டுக்கு நெம்பு அராவுவதை அவர் மடியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். இரும்புத்தூள் வாசனைதான் எனக்கு அப்பா வாசனை. அலிகார் பூட்டு விலை மலிவாக வந்து குவிந்த பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின, அப்பாவும் நிறுத்திவிட்டார். அவரிடம் மறுநாள் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. "சாவி போடாமலேயே பூட்டிக்கிச்சா?" என்றார். ஆமாம்பா. "நாங்க செஞ்சதெல்லாம் சாவி போட்டுத் திருப்புனாத்தான் பூட்டும். பூட்டறவனுக்குத் தெரியாம பூட்டுறதெல்லாம் என்ன பூட்டு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இருபது செகண்டுல தொறந்தான்னு சொல்ற பாரு, அதை வெளிய சொல்லாத. பூட்டுக்காரன் மக காசு குடுத்துத் தொறந்தான்னா நமக்குத்தான் கேவலம்."

கீழ்வீட்டு அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாணவன் சொல்லியிருப்பான். மூன்று நாள் திட்டினார். என் மணியை ஏன் அடிக்கவில்லை? ஞாயிறு என்றீர்களே. ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் கருவிதான் கூடாது, மனுஷர் மணி அடிக்கலாம். 289 யூரோ என்ற எண்ணை அவர் சொன்ன விதத்தில், அது அவருடைய பணமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. நாற்பது வருஷம் தொழிற்சாலையில் ஸ்பார்க் ப்ளக் பரிசோதித்து ஓய்வு பெற்றவர், சிக்கனத்தில் ஷ்வாபியருக்கே பாடம் எடுப்பார். கடைசியில் கையை நீட்டினார். என் மாற்றுச்சாவியைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஐந்து ஆணி அடித்த பலகை இருந்தது. நான்கில் சாவி தொங்கியது. கட்டடத்தில் எல்லாருடைய சாவியும் அங்கேதான் இருந்திருக்கிறது, என்னுடையதைத் தவிர. ஐந்தாவது ஆணிக்குக் கீழே அப்பா பெயரை எழுதி ஒட்டினார். இதில் எழுத்து கோணலாக இல்லை.

ஷ்வாபியப் பழமொழி ஒன்று உண்டு: திட்டாமல் இருந்தாலே போதுமான பாராட்டுதான். ஜெர்மன் டீச்சர் இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. நம் வீட்டு அப்பாக்கள் வேறென்ன செய்தார்கள்? பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்த அன்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான் விருது. அலுவலகத்தில் வட ஜெர்மனியிலிருந்து வந்தவர்களே இந்த ஊர்க்காரர்கள் முசுடு என்று குறைபட்டுக்கொள்வார்கள். எனக்கு ஏனோ உறைக்கவில்லை. அலுவலகத்தில் என்னிடம் எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசினார்கள், வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த முதல் குளிர்காலத்தில், நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற அந்த டிசம்பர் ஜனவரியில், என் விஷயத்தில் நிஜமாகவே அக்கறையாகக் கோபப்பட்டது இவர் ஒருவர்தான்.

2022 கோடையில் அம்மா வந்தார், தொண்ணூறு நாள் விசாவில். பெட்டியில் வத்தல், வடகம், புளி, எனக்கு மூன்று வருஷத்துக்குப் போதுமான மிளகாய்த்தூள், துணியில் சுற்றி ஒரு மாங்காய்ப் பூட்டு. அப்பா கடைசியாகச் செய்தவற்றில் ஒன்று, கீழ்வீட்டம்மாவுக்காம். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வந்த பத்திரிகைத் துண்டையும் கூடவே மடித்துவைத்திருந்தார், அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது பற்றி யோசிக்காமல்.

கேர்வோஹவை அம்மாவுக்கு விளக்கினேன். "இதுக்கெதுக்கு அட்டை? விடிஞ்சா வாசல் கூட்டணும், அவ்வளவுதானே" என்றார். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து, நான்கு தளத்துப் படிக்கட்டையும் கூட்டித் துடைத்து, நடைபாதையில் தண்ணீர் தெளித்து, ரேஷன் அரிசியை அரைத்துக் கொண்டுவந்த மாவில் ஒன்பது புள்ளிக் கோலம் போட்டுவிட்டு வந்து காபி கேட்டார். அந்த வாரம் எங்கள் முறை இல்லை, எதிர்வீட்டுக்காரர் முறை. அவர் வெளியே வந்து பளபளத்த படிக்கட்டைப் பார்த்து முகம் சிவந்துபோனார். தான் சரியாகச் செய்யவில்லை என்று குத்திக்காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார். நான் அவர் வீட்டு வாசலில் நின்று பத்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டு விளக்க வேண்டியிருந்தது. நம் ஊர் விருந்தோம்பல் ஒரு ஜெர்மானியரை இத்தனை புண்படுத்தும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

கோலத்தின் முன்னால் கீழ்வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் பயந்துகொண்டே இறங்கினேன். மாவைச் சுட்டிக்காட்டி, இதை யார் அள்ளுவது என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். "எறும்பு தின்னும், மிச்சத்த நாளைக்குக் கூட்டிட்டு வேற போடுவேன்" என்றார் அம்மா. அதையும் மொழிபெயர்த்தேன். "நாளைக்குமா?" என்றார். தினமும் என்றேன். "ஊரிலும்?" கல்யாணமான நாளிலிருந்து தினமும், அதாவது நாற்பது வருஷமாக. அவர் கோலத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டவில்லை. நான் அம்மாவிடம் பழமொழியைச் சொன்னேன். அம்மா, "ஏன், நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்?" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு தட்டில் ஆப்பிள் கேக் வந்தது. முட்டை போட்டதா என்று கேட்கச் சொல்லி அம்மா என்னைக் கீழே அனுப்பினார். போட்டதுதான். அம்மா ஆடி வெள்ளி என்று சொல்லித் தொடவில்லை, நான் மூன்று துண்டு தின்றேன்.

பூட்டைக் கொடுத்தபோது அவர் முதலில் எடை பார்த்தார். பிறகு சாவியைப் போட்டு நாலைந்து தடவை திருப்பிக் காதில் வைத்துக் கேட்டார், ப்ளக் பரிசோதித்த கை அல்லவா. நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு சின்ன அறை உண்டு, பழைய சைக்கிளும் ஜாம் பாட்டிலும் போட்டுவைக்க. அவருடைய அறையில் இப்போது தொங்குவது அந்தத் திண்டுக்கல் பூட்டுதான். படம் அனுப்பினேன். அப்பா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கொண்டி நேராக விழவில்லை, சட்டத்தில் ஓட்டையை அரை இன்ச் தள்ளிப் போட்டிருக்கணும் என்று பதில் போட்டார்.

குடியுரிமை பற்றிக் கேட்கிறார்கள், ஊரில் எல்லாரும். 2024 ஜூனிலிருந்து ஐந்து வருஷம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம், ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் இந்தியா ஏற்காது, நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படிவத்தைப் பதிவிறக்கி ஓர்ட்னரில் துளைபோட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது. அதில் நிரப்பிய ஒரே கட்டம் குடும்பப்பெயர்.

போன மாதம் மாடிக்கு ஒரு பையன் குடிவந்தான். கோவில்பட்டிக்காரன், முதுகலை படிக்க வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் இருக்கிற கண்ணாடித் தொட்டிகள் பக்கமாக டமார் என்று ஒரு சத்தம். கொஞ்ச இடைவெளி விட்டு இன்னொன்று. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இவன், கையில் இரண்டு பை நிறையப் பாட்டில். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், அப்புறம் கடையில் திருப்பிக் கொடுத்தால் தலா எட்டு சென்ட் கிடைக்கும் பீர் பாட்டில்கள் வேறு, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றாக நிதானமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஜன்னலை விரியத் திறந்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுகிற குரலில், "ஏய் தம்பி! இன்னிக்கு ஞாயித்துக்கிழமைப்பா! அதுவும் பச்சைல போய் பிரவுன போடுற! நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன்.

பையன் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். கீழே ஒரு ஜன்னல் திறந்தது. பூப்போட்ட மேலங்கி, அண்ணாந்து என்னைப் பார்த்து, அப்பாவின் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கத்தக் கூடாது" என்றார்.